அக்குள் தெரியாத போட்டோக்கள்

இணைய ஏலத்தில் ஒரு பழைய கம்பளிக் கோட்டுக்குப் பத்துப் படம் போட்டிருப்பார்கள். முன்பக்கம், பின்பக்கம், பொத்தான், உள்ளே தைத்திருக்கும் பிராண்டு லேபிள், மறுபடியும் பொத்தான். அக்குள் இருக்காது. கையின் விளிம்பு இருக்காது. காலரைத் தூக்கி அடிப்பக்கத்தை எடுத்த படம் இருக்கவே இருக்காது. கால்சட்டை என்றால் தொடை உரசும் இடத்தைக் காணோம். துணிக்கு முதலில் வயசாவது இந்த இடங்களில்தான். பத்துப் படத்திலும் அவை மட்டும் விடுபட்டிருந்தால் அதைத் தற்செயல் என்று நான் எடுத்துக்கொள்வதில்லை.

நான் ஈரோட்டுக்காரி. இங்கிலாந்தில் லீட்ஸுக்கு வந்து வருஷங்கள் ஆகிவிட்டன. அப்பா கனி மார்க்கெட்டில் ஜவுளிக் கடையில் வேலை பார்த்தவர். திங்கள் சாயங்காலம் தொடங்கிச் செவ்வாய் முழுக்க நடக்கும் வாரச்சந்தையில், வெளி மாநிலத்திலிருந்து வரும் வியாபாரிகள் துணி பார்க்கும் விதத்தைச் சின்ன வயதில் வேடிக்கை பார்த்திருக்கிறேன். விலை கேட்பதற்கு முன்னால் கை போய்விடும். கட்டைவிரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் நடுவில் வைத்துத் தேய்ப்பார்கள். கஞ்சி எவ்வளவு, நூல் எவ்வளவு என்பது அதிலேயே தெரிந்துவிடும். அப்புறம் வெளிச்சத்துக்கு நேரே தூக்கிப் பிடிப்பார்கள். நெசவு சீராக இல்லையென்றால் அங்கே மாட்டும். போனைத் தேய்த்தால் படம்தான் நகர்கிறது.

அப்படியும் ஏன் வாங்குகிறாய் என்றால், குளிர். இங்கே நல்ல கம்பளிக் கோட்டு புதிதாக எடுக்கப் போனால் 200 பவுண்டு சாதாரணமாக ஆகும். யாரோ சில வருஷம் போட்டுவிட்டு அலமாரியில் மறந்துபோன கோட்டை 30, 40 பவுண்டுக்கு எடுத்துவிடலாம். பாலியஸ்டர் கலக்காத, கனத்த பழைய துணி புதிதில் கிடைப்பதும் அரிது. இதை அம்மாவுக்குப் புரியவைக்க முடியவில்லை. "ஏங்கண்ணு, ஊரான் உடுத்துனத ஆராச்சும் காசு குடுத்து வாங்குவாங்களா? நம்மூட்டுல பழசக் குடுத்துப் பாத்திரமில்ல வாங்குவோம்!" என்பாள். தெருவில் பாத்திரக்காரம்மா கூடையை இறக்கி வைத்துப் பழைய புடவைக்கு எவர்சில்வர் கிண்ணம் கொடுத்த காலத்து நியாயம் அது. பழைய துணி வீட்டை விட்டு வெளியே போக வேண்டிய பொருள். உள்ளே வரக் கூடாது.

நான் இருக்கும் யார்க்‌ஷயர் பக்கமோ பழைய துணியிலேயே பிழைத்த ஊர். லீட்ஸுக்குத் தெற்கே கொஞ்ச தூரத்தில் பேட்லி இருக்கிறது. அங்கே 1813 வாக்கில் பெஞ்சமின் லா என்பவர் கந்தல் கம்பளியைக் கிழித்துப் பிரித்து, புதுக் கம்பளியோடு கலந்து, மறுபடி நூலாக்கும் வழியைக் கண்டுபிடித்தார். பக்கத்து ஊரான டியூஸ்பரியில் கந்தலுக்கென்றே ஏலம் நடந்தது. கண்டம் தாண்டி மூட்டை மூட்டையாக வந்து இறங்கியது. அந்த மில்கள் போய்விட்டன. இன்றைக்கு அதே வேலையைப் பெரிய அளவில் செய்வது நம் பானிபட். இங்கே தர்மத்துக்குப் போடும் ஸ்வெட்டர்களில் ஒரு பங்கு அங்கே போய்க் கிழிந்து, நூலாகி, மலிவுப் போர்வையாகிறது. இதைச் சொன்னால் அம்மா, "அது கிழிச்சுப் போட்டுல்ல செய்யறாங்க, நீ அப்படியே போட்டுக்கறயே" என்கிறாள். பதில் இல்லை.

சரி, ஏலத்துக்கு வருவோம். தளத்தில் அதிகபட்சம் 40 பவுண்டு என்று பதிந்தால் உடனே 40 ஏறிவிடாது. அடுத்தவர் கேட்டதற்கு ஒரு படி மேலே மட்டும் நம் பெயரில் தானாக ஏறும். இரண்டாவது ஆள் 22இல் நின்றுவிட்டால் நமக்கு 23க்குக் கிடைக்கும். கேட்க நியாயமாகத்தான் இருக்கிறது. ஆனால் யோசித்துப் பாருங்கள். பத்துப் பேர் ஒரு கோட்டைப் பார்க்கிறார்கள், யாரும் தொட்டதில்லை. ஒருத்திக்கு முழங்கைப் பக்கம் லேசாகப் பளபளப்பது கண்ணில் படுகிறது. நூல் தேய்ந்திருக்கும் என்று 10 பவுண்டோடு நிறுத்திக்கொள்கிறாள். இன்னொருவர் லைனிங் படம் இல்லையே என்று 15இல் விலகுகிறார். எதுவும் கண்ணில் படாதவர் யாரோ அவர் கைக்குக் கோட்டு போகிறது. 1971இல் அமெரிக்க எண்ணெய் நிறுவனம் ஒன்றின் பொறியாளர்கள் மூவர், மெக்சிகோ வளைகுடாவில் எண்ணெய் எடுக்கும் உரிமைக்கு நடந்த ஏலங்களைப் பார்த்து இதைத்தான் எழுதினார்கள்: ஏலத்தில் ஜெயிக்கிறவர் பெரும்பாலும் பொருளை மிகை மதிப்பிட்டவர். எண்ணெய் வயலுக்கும் முழங்கை தேய்ந்த கோட்டுக்கும் ஒரே கணக்கு. கடையில் ஏமாறுவதைவிட ஏலத்தில் ஏமாற்றம் அதிகம் என்று நான் நினைப்பதற்கு இதுதான் காரணம். மோசடிக்காரர்கள் இல்லாவிட்டாலும் ஏலமே அப்படித்தான் வேலை செய்கிறது. மோசடிக்காரர்களும் உண்டு, அது வேறு. தன் பொருளுக்குத் தானே இன்னொரு பெயரில் விலை ஏற்றிவிட்ட ஒருவருக்கு 2010இல் இங்கே பக்கத்து ஊர் பிராட்ஃபோர்டு நீதிமன்றம் தண்டனை கொடுத்தது.

இந்த வியாபாரம் முழுக்க எதில் தொங்கிக்கொண்டிருக்கிறது என்பதற்கு ஈபேயின் முதல் விற்பனையே நல்ல உதாரணம். 1995இல் பியர் ஒமிட்யார் தன் தளத்தைத் தொடங்கியபோது சோதனைக்காக உடைந்த லேசர் பாயின்டர் ஒன்றை ஏலத்தில் விட்டார். 14.83 டாலருக்குப் போனது. உடைந்தது என்று தெரிந்துதான் வாங்குகிறீர்களா என்று அவரே வாங்கியவரிடம் விசாரித்தாராம். உடைந்த பாயின்டர்களைச் சேகரிப்பதே தன் வழக்கம் என்று பதில் வந்ததாம். உடைந்ததை உடைந்தது என்று சொல்லி விற்றாயிற்று, தெரிந்தே வாங்கியாயிற்று. பணத்தைத் திருப்பிக் கேட்க அதில் இடமே இல்லை. என் அனுபவத்தில் சண்டை வருவதெல்லாம் 'உடைந்தது' என்ற அந்த ஒரு சொல் லிஸ்டிங்கில், அதாவது பொருளைப் பற்றி விற்பவர் போடும் விவரத்தில், விட்டுப்போகும்போதுதான்.

இங்கிலாந்தில் பழைய துணிக்குப் பணம் திரும்ப வருமா என்று யாராவது கேட்டால், துணிக்கு என்ன ஆச்சு என்று நான் விசாரிப்பதற்கு முன்னால் விற்றது யார் என்றுதான் கேட்பேன். வியாபாரியா, வீட்டு ஆளா? வியாபாரி என்றால் 2015ஆம் வருஷத்து நுகர்வோர் உரிமைச் சட்டம் நம் பக்கம். பொருள் வர்ணனைக்கு ஒத்திருக்க வேண்டும், திருப்தியான தரத்தில் இருக்க வேண்டும். இல்லையென்றால் 30 நாளுக்குள் திருப்பிக் கொடுத்து முழுப் பணம் கேட்கலாம். பழைய பொருளுக்கும் இது செல்லும். வயதையும் விலையையும் வைத்துத் தரத்தை அளப்பார்கள் என்பது மட்டும் வித்தியாசம். விற்கும்போதே சுட்டிக்காட்டிய ஓட்டையை அப்புறம் குறையாகச் சொல்ல முடியாது. இது போக, தொலைவிலிருந்து வாங்கியதைக் கைக்கு வந்த 14 நாளுக்குள் காரணமே சொல்லாமல் வேண்டாம் என்றும் சொல்லலாம். 'ஏலத்தில் எடுத்ததற்கு அது கிடையாது' என்று சில வியாபாரிகள் அடித்துப் பேசுவார்கள். ஏலத்துக்கு விலக்கு இருக்கிறதுதான். ஆனால் அது ஆட்கள் நேரில் வந்து உட்கார வழியிருக்கும் ஏலக்கூடத்துக்கு. பைஜாமாவோடு சோபாவில் உட்கார்ந்து போனில் கேட்ட ஏலம் அதில் வராது.

விற்றவர் சாதாரண வீட்டு ஆள் என்றால் இத்தனையும் சுருங்கிவிடும். தரத்தைப் பற்றிய உரிமை இல்லை, 14 நாளும் இல்லை. சொன்னது சொன்னபடி இருக்க வேண்டும் என்பது மட்டும் மிச்சம். 1979ஆம் வருஷத்துப் பொருள் விற்பனைச் சட்டம் அதை இன்னும் காப்பாற்றி வைத்திருக்கிறது. தளங்கள் தங்கள் பங்குக்குக் கொடுக்கும் பாதுகாப்பும் பெரும்பாலும் இந்த 'வர்ணனைக்கு மாறானது' என்ற ஒற்றைக் காலில்தான் நிற்கிறது. கெடு மட்டும் தளத்துக்குத் தளம் மாறும். சிலவற்றில் மாதக் கணக்கு. வின்டெட் போன்ற பழைய துணித் தளத்தில் பார்சல் வந்து இரண்டு நாளுக்குள் சொல்லியாக வேண்டும். பார்சலைப் பிரிக்காமல் வாரக் கடைசிக்கு எடுத்து வைக்கிற பழக்கம் உள்ளவர்கள் இதைக் கொஞ்சம் கவனிக்கவும்.

வீட்டுக்காரருக்கு ஒரு ஹாரிஸ் ட்வீட் ஜாக்கெட் எடுத்தேன். ஸ்காட்லாந்தின் மேற்குத் தீவுகளில் நெசவாளிகள் தங்கள் வீட்டிலேயே கையால் நெய்த கம்பளித் துணிக்கு மட்டும்தான் அந்தப் பெயர் போடலாம். 1993 முதல் இதற்கென்றே தனிச் சட்டம் இருக்கிறது. உருண்டையும் சிலுவையும் போட்ட முத்திரை லேபிள் சரியாக இருந்தது. துணியும் அசல். காலரைத் தூக்கினேன், ஒன்றுமில்லை. ஜன்னலுக்கு நேரே விரித்துப் பிடித்தபோது முதுகுப் பக்கம் வெளிச்சம் பொட்டுப் பொட்டாகத் தெரிந்தது. பையின் மூடிக்கு அடியில் அரிசி அளவுக்கு ஒரு வெள்ளைக் கூடு, ட்வீட்டின் பழுப்பு நிறத் துகள்கள் ஒட்டிக்கொண்டு. அந்துப்பூச்சி. ஓட்டை போடுவது பறக்கும் பூச்சி இல்லை, அதன் புழு. கம்பளியிலும் பட்டிலும் இருக்கும் புரதம்தான் அதற்குச் சாப்பாடு. என் கல்யாணப் பட்டு அடுத்த அறை பீரோவில் இருந்ததால் எனக்குப் பதறிவிட்டது. ஜாக்கெட்டைப் பிளாஸ்டிக் பையில் இறுக்கிக் கட்டி, ஃப்ரீசரில் தேங்காய்த் துருவல் பொட்டலங்களுக்கு மேல் வைத்தேன். மைனஸ் 18 டிகிரியில் இரண்டு வாரம் இருந்தால் புழுவும் முட்டையும் செத்துவிடும் என்று அருங்காட்சியகத்துக்காரர்களே செய்கிற வைத்தியம்தான். அவ்வளவு நாள் வைக்கவில்லை, திருப்பி அனுப்பும்வரை மற்ற துணிக்குப் பரவாமல் இருந்தால் போதும்.

விற்றவர் பதிவு செய்த வியாபாரி. 'பழம்பொருள், திருப்பி எடுப்பதில்லை' என்று லிஸ்டிங்கிலேயே போட்டிருந்தார். இங்கே இரண்டு வழி இருந்தது. காரணம் சொல்லாமல் 14 நாள் உரிமையில் ரத்து செய்யலாம். ஆனால் அதில் திருப்பி அனுப்பும் தபால் செலவு பெரும்பாலும் நம் தலையில் விழும். குறையுள்ள பொருள் என்று சொன்னால் அந்தச் செலவும் அவருடையது. ட்வீட் ஜாக்கெட் கனம், தபால் செலவும் கனம். அதனால் ஜன்னல் வெளிச்சத்தில் எடுத்த படத்தையும், கூட்டின் பக்கத்தில் ஒரு பென்னி நாணயத்தை வைத்து எடுத்த படத்தையும் இணைத்து, 'அந்து ஓட்டைகள் லிஸ்டிங்கில் சொல்லப்படவில்லை, படத்திலும் இல்லை, 2015 சட்டப்படி திருப்பி அனுப்புகிறேன்' என்று இரண்டு வரி எழுதினேன். முதலில் 5 பவுண்டு குறைத்துக்கொள்கிறேன் என்றார். வேண்டாம் என்றதும் திருப்பி அனுப்பும் லேபிள் வந்துவிட்டது. முழுப் பணமும் வந்தது.

வியாபாரிகளில் ஒரு ரகம், வீட்டு ஆள் வேஷம் போடுபவர்கள். 'அலமாரியைக் காலி செய்கிறேன்' என்று எழுதியிருப்பார்கள். அவர்களுடைய மற்றப் பொருட்களைத் திறந்தால் 8ஆம் அளவிலிருந்து 20ஆம் அளவுவரை கவுன், நாலு தினுசு அளவில் ஆண்களுக்கான ஷூ, எல்லாம் ஒரே வெள்ளைச் சுவரின் முன்னால். அது எந்த வீட்டு அலமாரி? வியாபாரி தன்னைச் சாதாரண ஆளாகக் காட்டிக்கொள்வது இங்கே சட்டப்படி குற்றம். 2024 முதல் விற்பனைத் தளங்கள் இப்படிப்பட்டவர்களின் கணக்கை வரித்துறைக்குக் கொடுக்க வேண்டும் என்றும் வந்துவிட்டது. இவர்களிடம் சிக்கல் வந்தால், அவர்கள் விற்கும் பட்டியலை அப்படியே படம் பிடித்து வைத்துக்கொண்டுதான் நான் பேச்சை ஆரம்பிப்பேன்.

உண்மையான வீட்டு ஆளிடம் வாங்கியதில் சிக்கலானது ஒரு காஷ்மீர் ஆட்டு ரோம ஸ்வெட்டர். 'அதிகம் அணியவில்லை, மீடியம் அளவு, மிக மென்மை' என்று போட்டிருந்தது. வந்ததும் கையில் எடுத்தேன். தடிமனாக, கெட்டியாக இருந்தது. பின்னலின் கண்கள் தெரியவில்லை, இழைகள் ஒன்றோடொன்று ஒட்டி மேல்பரப்பு மூடிப்போயிருந்தது. இழுத்தால் நீளவில்லை. தையல் ஓரம் மட்டும் சுருங்காமல் நெளிந்து நின்றது, ஏனென்றால் தையல் நூல் பருத்தி. யாரோ வெந்நீரில் மெஷினில் போட்டிருக்கிறார்கள். கழுத்து லேபிளில் 'எம்' அப்படியே இருக்கிறது, ஆனால் எட்டாம் வகுப்புப் படிக்கும் பிள்ளைக்குத்தான் பத்தும். விற்ற பெண், "லேபிளில் உள்ள அளவைத்தானே போட்டேன்" என்றாள். அவள் சொன்னதிலும் நியாயம் இருக்கிறது. லேபிள் அளவை மட்டும் எழுதியிருந்தால் நான் விட்டிருப்பேன். பழைய துணியில் லேபிள் அளவை நம்பக் கூடாது என்பது தெரிந்ததுதான், அந்தக் காலத்து 14 இந்தக் காலத்து 10க்குப் பக்கத்தில் வரும். இங்கே வாதம் அளவைப் பற்றியதாக இருந்தால் தோற்றிருப்பேன். 'மிக மென்மை, அதிகம் அணியவில்லை' என்ற வாக்கியத்தைப் பிடித்துக்கொண்டேன். மார்பு அளவை டேப்போடு ஒரு படம், பின்னல் மூடிப்போன இடத்தைக் கிட்டத்தில் ஒரு படம், என்னிடம் இருந்த இன்னொரு காஷ்மீரின் பின்னலை அதன் பக்கத்தில் வைத்து ஒரு படம். தளத்துக்காரர்களுக்குக் கம்பளி தெரிந்திருக்க வேண்டிய அவசியமில்லை. இரண்டையும் பக்கத்தில் வைத்தால் யாருக்கும் தெரியும். மூன்றாவது படம்தான் வேலை செய்தது என்று நினைக்கிறேன்.

படத்தில் வராதது வாசனை. ஒரு லினன் கவுன் வந்தது; பெட்டியைத் திறந்ததும் அறை முழுக்கச் சிகரெட். கறை இல்லை, கிழிசல் இல்லை, சொன்ன அளவு, சொன்ன நிறம். லிஸ்டிங்கில் 'புகைப்பிடிக்காத வீடு' என்று எழுதியிருந்தால் அது வர்ணனை, அதற்கு மாறானது என்று சொல்லலாம். அப்படி எழுதவில்லை. விற்றவரும் வீட்டு ஆள். மூக்கைச் சாட்சிக்குக் கூப்பிட வழியில்லை. பணம் போனது போனதுதான். யார்க்‌ஷயர் மழைக்கு நடுவே வெயில் அடித்த நாளிலெல்லாம் கொடியில் போட்டுப் பார்த்தேன், லினன் என்பதால் கடைசியில் கொஞ்சம் விட்டது. அதிலிருந்து ஏலம் கேட்பதற்கு முன்னால், 'வீட்டில் யாராவது புகைப்பார்களா, நாய் பூனை உண்டா, அக்குள் பக்கம் ஒரு படம் கிடைக்குமா' என்று தளத்தின் வழியாகவே கேட்டுவிடுகிறேன். வரும் பதிலும் வர்ணனையில் சேர்ந்துவிடுகிறது. பதிலே வராவிட்டால் அதுவும் ஒரு பதில்.

எதையும் தளத்துக்கு வெளியே பேசக் கூடாது. 'எனக்கு நேராக மெயில் பண்ணுங்கள், நான் உங்கள் கணக்குக்கே அனுப்பிவிடுகிறேன், புகாரை மூடிவிடுங்கள்' என்று அன்பாகக் கேட்பார்கள். மூடிய புகார் பெரும்பாலும் திரும்பத் திறக்காது. பணம் கணக்கில் ஏறியபிறகு அது தானாகவே மூடிக்கொள்ளும், நமக்கென்ன அவசரம். லிஸ்டிங்கைப் பொருள் வருவதற்கு முன்பே ஸ்க்ரீன்ஷாட் எடுத்துவிட வேண்டும். துவைத்துப் பார்க்கலாம் என்று ஆசைப்படக் கூடாது. துவைத்தபின் சுருங்கியது யாரால் என்ற கேள்வி வந்துவிடும். திருப்பி அனுப்பும்போது டிராக்கிங் உள்ள தபால்தான். அஞ்சலகத்தில் கொடுக்கும் ரசீதைச் சட்டைப் பையில் போட்டுத் துவைத்த கதையெல்லாம் தெரிந்தவர்கள் வீட்டில் நடந்திருக்கிறது. 100 பவுண்டுக்கு மேல் கிரெடிட் கார்டில் வாங்கியிருந்தால் கார்டு நிறுவனத்துக்கும் பொறுப்பு உண்டு என்று 1974ஆம் வருஷத்துச் சட்டம் சொல்கிறது. ஆனால் பணம் தளத்தின் கை வழியாகப் போவதால் அந்தப் பொறுப்பு அறுந்துபோவதும் உண்டு. பழைய துணிக்கு நான் அந்த அளவுக்கு விலை கொடுப்பதில்லை என்பதால் அந்தச் சண்டை எனக்கு வாய்க்கவில்லை.

புடவை விஷயத்தைச் சொல்லிவிட்டு முடிக்கிறேன். 'பழைய இந்தியப் பட்டுப் புடவை, அசல் பட்டு, தங்க இழை' என்று ஒன்று வந்தது. மாம்பழ நிறம், அரக்குக் கரை. படத்தில் பார்த்தால் எங்கள் பெரியம்மா கட்டுவது. பெட்டியிலிருந்து எடுக்கும்போதே சேலை கையில் சரசரவென்று ஒட்டிக்கொண்டது. சின்னப் பொறி கூடத் தெறித்தது. காஞ்சிப் பட்டில் உடலும் முந்தானையும் சேரும் இடத்தில் பேட்னி என்கிற இணைப்பு தெரியும், விரல் வைத்தால் தட்டுப்படும். இதில் ஒன்றும் இல்லை, ஒரே ஓட்டம். ஜரிகையை நகத்தால் சுரண்டினேன். அசல் ஜரிகையில் உள்ளே சிவப்புச் சாயம் போட்ட பட்டு நூல் இருக்கும், அதன்மேல் வெள்ளி சுற்றித் தங்கம் பூசியிருப்பார்கள். இதில் மினுமினுப்பான பிளாஸ்டிக் நாடா உரிந்து வந்தது. முந்தானைக் குஞ்சத்திலிருந்து ஓர் இழையை எடுத்துத் தீக்குச்சியில் காட்டினேன். பட்டு என்றால் முடி கருகிய நாற்றம் வரும், சாம்பலைத் தொட்டால் பொடியாகும். இது சுருங்கி, உருகி, கடினமான கறுப்பு மணியாக நின்றது. அந்த மணியைப் படம் எடுத்தேன்.

விற்றவர் செஸ்டர் பக்கம் ஒரு வயதான வெள்ளைக்காரப் பெண்மணி. காலமான பக்கத்து வீட்டு அம்மாவின் துணிகளைக் குடும்பத்தார் சம்மதத்தோடு விற்றுத் தர்மத்துக்குக் கொடுக்கிறார். "நான் நிபுணர் இல்லை, பார்த்தபடி வாங்கியதுதானே" என்று முதலில் எழுதினார். 'பார்த்தபடி' என்று போட்டாலும் 'பட்டு' என்று எழுதியது எழுதியதுதான் என்பது எனக்குத் தெரியும், கறாராக எழுதவும் தெரியும். ஆனால் வேண்டுமென்று செய்தவர் போலத் தோன்றவில்லை. அதனால் சட்டத்தை எடுக்காமல், எரித்துப் பார்த்த படத்தையும் ஜரிகைப் படத்தையும் அனுப்பி, எது பட்டு எது இல்லை என்று விளக்கி ஒரு நீளமான கடிதம் எழுதினேன். மறுநாள் முழுப் பணமும் வந்துவிட்டது. புடவையைத் திருப்பி அனுப்ப வேண்டாம், தபாலுக்கு ஏன் வீண் செலவு என்றார். கூடவே, பெட்டியில் இன்னும் இரண்டு இருக்கின்றன, அவற்றைப் பார்த்துச் சொல்ல முடியுமா என்று கேட்டு ஆறேழு படம்.

ஒன்று ஆர்ட் சில்க், செயற்கைப் பட்டு. இன்னொன்றைப் பார்த்ததும் போனைப் பெரிதாக்கினேன். கத்தரிப்பூ நிறம், இருபக்கமும் உடலோடு கோத்து நெய்த பச்சைக் கோர்வைக் கரை, கோபுர வரிசை, முந்தானைக்கு முன்னால் அழகாகப் பேட்னி. ஜரிகையின் பின்பக்கத்தைக் கிட்டத்தில் எடுத்து அனுப்பச் சொன்னேன். தேய்ந்த இடத்தில் சிவப்பு நூல் தெரிந்தது. அசல் காஞ்சிபுரம், சந்தேகமே இல்லை. எதையெல்லாம் படம் எடுக்க வேண்டும், எந்த வார்த்தை போட வேண்டும், மடிப்பு நெடுகச் சின்ன விரிசல் இருப்பதையும் எழுதிவிடுங்கள் என்றெல்லாம் நானே சொல்லிக் கொடுத்தேன். அவர் ஒன்றுவிடாமல் அப்படியே செய்தார். விரிசலுக்கு மட்டும் இரண்டு படம். ஏலத்தில் நானும் 60 பவுண்டு போட்டு வைத்தேன். கடைசி நிமிஷத்தில் யாரோ இருவர் புகுந்து அதை 140க்குக் கொண்டுபோய்விட்டார்கள்.